சார்டின் டின்னும் விரதப் பாட்டியும்



மறுபடியும் மழைக்காலம் நெருங்குது. வடகிழக்குப் பருவமழைன்னாலே ஜொகூர்ல இருக்கிற நமக்கு வயித்துல புளியைக் கரைக்கும். இந்த வருஷம் நன்கொடைப் பொருள் சேகரிக்கத் தொடங்குறதுக்கு முன்னாடி, 2023 மார்ச் வெள்ளத்தில் எங்க கோயில் தொண்டர்கள் செய்த ஒரு தப்பை உங்ககிட்ட சொல்லிடணும்னு நினைக்கிறோம்.

அந்த வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்து பகாட், யோங் பெங், சிகாமட், குளுவாங் எல்லாம் தண்ணீர். ஜொகூரில் மட்டும் 40,000-க்கும் அதிகமானோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். 2006 கடைசியிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டையும் கோத்தா திங்கியையும் மூழ்கடித்த வெள்ளத்தைப் பார்த்தவங்க எங்க குழுவில் இருக்காங்க. அப்போ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க வீட்டை விட்டு வெளியேறினாங்க. அதனால "நமக்கு அனுபவம் இருக்கு, சமாளிச்சிடலாம்"னு ஒரு தைரியம்.

வாட்சாப்பில் தகவல் போட்டோம். ரெண்டே நாள்ல கோயில் மண்டபம் நிறைஞ்சு போச்சு. அரிசி, பிஸ்கட், மெகி மீ, பால்மாவு, போர்வை. அதோட பெட்டி பெட்டியா சார்டின் டின். கெட்டுப் போகாது, திறந்து அப்படியே சாப்பிடலாம்னு ஜனங்க நல்ல மனசோடதான் வாங்கிக் கொடுத்தாங்க. நாங்களும் லோரியில் ஏத்தி, ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த மையத்துக்குக் கொண்டு போய் இறக்கினோம். படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம், திரும்பி வந்தோம்.

மூணாவது நாள் மறுபடி போனப்போ அங்கே ஒரு பாட்டி மயங்கி விழுந்திருந்தாங்க. எழுபது வயசைத் தாண்டினவங்க, இனிப்புநீர் வியாதிக்காரங்க. மருந்து போட்டிருக்காங்க, வயித்துல சாப்பாடு இல்லை. தாதி வந்து பார்த்து, சீனித் தண்ணி கொடுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தாங்க.

பக்கத்தில் உட்கார்ந்து விசாரிச்சோம். பாட்டி பங்குனி உத்திரத்துக்கு விரதம். மையத்தில் மூணு வேளையும் சாப்பாடு வந்தது, குறையே சொல்ல முடியாது. ஆனால் கோழி, இல்லைன்னா மீன். கங்கோங் கீரை வந்த அன்னைக்கு அதில் பெலாச்சான். வெறும் சோற்றில் உப்பைப் போட்டு ரெண்டு வாய், மத்த நேரமெல்லாம் பிஸ்கட். அவங்க படுக்கைக்குப் பக்கத்தில் நாங்க கொடுத்த பை கிடந்தது. உள்ளே நாலு சார்டின் டின்.

"ஏன் பாட்டி எங்ககிட்ட சொல்லல?"

"கோயில்ல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. வீடே போய் நிக்கிறவங்க மத்தியில எனக்கு இது ஆகாது, அது ஆகாதுன்னு சொல்லலாமாய்யா?"

எங்களுக்குப் பதில் வரல. வேற யாரும் கேட்காம விடலாம். ஒரு கோயிலே அதைக் கேட்காம விட்டுட்டோமே!

அன்னைக்கு மையத்து அடுப்படியில் இருந்த ஒரு மக்சிக்கிட்ட விஷயத்தைச் சொன்னோம். "தெலோர் போலே?"ன்னு கேட்டாங்க. முட்டையும் கூடாதுன்னோம். வேற எதுவும் கேட்கல. ஒரு சட்டியைத் தேய்த்துக் கழுவி, பூண்டும் உப்பும் மட்டும் போட்டு முட்டைக்கோஸ் வதக்கிக் கொடுத்தாங்க. பாட்டி முழுத் தட்டும் சாப்பிட்டாங்க.

ராத்திரி கோயிலில் கூடிப் பேசினோம். தினமும் சைவச் சாப்பாடு சமைத்து அனுப்பணும், அதுக்குப் பணம்? பங்குனி உத்திர அன்னதானத்துக்குச் சேர்ந்த தொகை இருந்தது. "அது முருகனுக்குன்னு கொடுத்தது, உபயக்காரங்களைக் கேட்காம தொடக்கூடாது"ன்னு பெரியவர் ஒருத்தர் சொன்னார். நியாயம்தான். ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டோம். ஒருத்தர் மட்டும் திருவிழாவுக்கே இருக்கட்டும்னார். அவர் பணத்தைத் தனியா வைத்தோம். மத்தவங்க எல்லாரும் சம்மதிச்சாங்க. ஏப்ரல் தொடக்கத்தில் திருவிழா வந்தது. அன்னதானத்தில் கூட்டு, பொரியல் குறைந்தது. யாரும் முகம் சுளிக்கல.

பிறகு ஒரு விஷயம் படித்தோம். 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை மூழ்கடித்தபோது, யூதர்கள் நிறைய வாழும் மேயர்லேண்ட் வட்டாரமும் மாட்டிக்கொண்டது. 2015, 2016-லும் வெள்ளம் பார்த்த இடம் அது. அவர்களுக்கும் 'கோஷர்' என்று உணவுக் கட்டுப்பாடு உண்டு: பன்றி கூடாது, பாலையும் இறைச்சியையும் சேர்க்கக் கூடாது, ரெண்டுக்கும் பாத்திரமே வேற வேற. அந்தப் பாத்திரங்களும் வெள்ளத்தில் போய்விட்டன. வெளியூர் யூதர்கள் கோஷர் சாப்பாடு சமைத்து அனுப்பினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் நனைந்த சுவரையும் மெத்தையையும் அகற்ற இளைஞர்கள் இறங்கினார்கள். அடுத்த மாதமே அவர்களுடைய புத்தாண்டு. ஆலயம் நனைந்து போனவர்கள் வேறு இடத்தில் கூடிக் கும்பிட்டார்கள்.

படிக்கும்போது அந்தப் பாட்டி முகம்தான் ஞாபகம் வந்தது. எல்லாம் போன பிறகும் ஒரு மனுஷரிடம் மிஞ்சியிருப்பது அவருடைய நியமம். அதையும் விடச் சொல்லிச் சோறு போட்டால், பசி அடங்கும், மனசு அடங்காது.

அதனால இந்த வருஷம் எங்க வேண்டுகோள் இதுதான்:

சார்டின் கொடுங்க, சாப்பிடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. கூடவே பருப்பு, கொண்டைக்கடலை டின், ஊறுகாயும் கொடுங்க. சைவப் பொருளைத் தனிப் பெட்டியில் கட்டி, மேலே எழுதிடுங்க.

மையத்துக்குப் போகும் தொண்டர்கள் முதலில் உட்கார்ந்து கேளுங்க: விரதமா, சைவமா, இனிப்புநீர் இருக்கா, மருந்து இருக்கா? எழுதி வாங்கின பிறகு படம் எடுக்கலாம்.

தண்ணீர் வடிந்த பிறகும் வாங்க. பத்து பகாட் பக்கம் சில இடத்தில் வாரக்கணக்கா தண்ணி நின்னுச்சு. அது வடிஞ்சப்போதான் விளக்குமாறும் வாளியும் கையாளும் தேவைப்பட்டது. அப்போ வந்தவங்க ரொம்பக் குறைவு.

பாட்டி இப்போ நல்லா இருக்காங்க. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு எங்க கோயிலுக்கே வந்தாங்க. பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, முதலில் அவங்களைத்தான் கேட்டோம்: "பாட்டி, உங்களுக்கு என்ன ஆகும்?"

சிரிச்சுக்கிட்டே, "இங்க எல்லாமே ஆகும்யா"ன்னாங்க.

முருகா சரணம்.