மூன்றாம் இலக்கம்

சிதைந்த ஏட்டுச்சுவடியொன்றின் முதலும் இறுதியும் இல்லாதவிடத்து, எஞ்சிய ஏடுகளின் யாப்பையும் மொழியையும் கொண்டே அது இன்ன நூலெனத் துணிவர் பதிப்பாசிரியர். இரும்பையும் இவ்வாறு படிக்கலாமென்பதை, கலைப்பீட மாணவனாகிய நான், பரந்தனில் என் அம்மானின் சிறு பட்டறையிலேதான் கற்றுக்கொண்டேன்.

2009 மே மாதத்திற் போர் முடிந்தபின் வன்னியிலே பழைய இரும்பு வணிகம் பெருகிற்று. உழவு இயந்திரத்தின் உறுப்பும் நீரிறைக்கும் பம்பின் உறுப்பும் கைக்கருவியும் ஒரே தராசிற் கிலோக் கணக்கில் ஏறின. யாருடைய கை பிடித்த கருவியென்ற கேள்விக்குத் தராசில் இடமில்லை. அத்தகைய குவியலொன்றிலிருந்து அம்மான் வாங்கிவந்தவற்றுள் சிறு உருக்குத் துண்டொன்று கிடந்தது. பெருவிரலளவு நீளம், ஒரு முனையிற் சீப்புப் போன்ற கூரிய பற்கள், பக்கத்தில் 3 என்னும் இலக்கம். மற்றை எழுத்துக்களைத் துரு தின்றிருந்தது. அம்மான் உழவு இயந்திரம் திருத்துபவர். இது அவர் தொழிலிற் காணாத பொருள்.

“தம்பி, இதைத் தீட்டிக் கடைச்சலுக்கு அலகாக்கவோ, இப்பிடியே வைக்கவோ?” என்றார். 1990களில், வன்னிக்கு இரும்பும் எரிபொருளும் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், கிடைத்ததை வேறொன்றாக்கியே தொழில் நடத்தியவர் அவர். ஆயினும், தீட்டுகல்லிற் பிடித்தாற் பற்கள் சில நிமிடங்களில் மறையும். அது யாதாயிருந்தது என்பதற்கான சான்றும் உடன் மறையும்.

முதலிற் பின்புறத்தைக் கல்லில் மெல்லத் தொட்டோம். சாதாரண கரியுருக்காயிற் பொறி வெண்மையாய்ப் பூப்போல வெடிக்கும். இதுவோ மங்கிய செந்நிறத்திற் சிலவே சிந்திற்று. 1900 பாரிஸ் கண்காட்சியில் உலகறிந்த அதிவேக உருக்கின் இயல்பு அது. அடுத்துப் பற்களை எண்ணினோம்: அரை அங்குலத்திற்கு ஐந்தரை, அதாவது அங்குலத்திற்கு 11. ஜோசப் விற்வேர்த் 1841 இல் வகுத்த முறையை அடியொற்றிய பிரித்தானிய அளவுகளில், எட்டிலைந்து அங்குலப் போல்ற்றுக்கும் ஓரங்குலம் முதல் ஈரங்குலம் வரையான நீர்க்குழாய்களுக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்கப் போல்ற்றொன்றுக்கும் 11 உண்டு. ஆனால் அதன் புரிக்கோணம் 60 பாகை, பிரித்தானியப் புரிக்கோ 55 பாகை. பழைய ஓரங்குல இரும்புக் குழாயொன்றின் புரியிற் பற்களைப் பொருத்தி வெயிலுக்கு எதிரே பிடித்தோம். இடையில் ஒளி தெரியவில்லை. மூலைமட்டம் வைத்தபோது பல்வரிசை சற்றே சரிந்திருந்தது. போல்ற்றின் புரி சரிவதில்லை. நீர் கசியாது இறுகவேண்டிய குழாய்ப் புரியே விட்டத்தில் 16 இற்கு 1 என்னும் அளவிற் சரிந்து செல்லும். ஐயம் அகன்றது. குழாய்க்குப் புரி வெட்டும் டையினுள்ளே பொருத்தப்படும் அலகு அது.

இலக்கத்தின் பொருளும் அப்போது விளங்கிற்று. அத்தகைய டையில் நான்கு அலகுகள் குழாயைச் சூழ நிற்கும். புரி சுருளாய் ஏறுவதால், ஒவ்வோர் அலகின் பற்களும் முன்னதிலிருந்து ஒரு பல்லிடையின் காற்பங்கு விலகி அமைந்திருக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்றல் இயலாது. 3 என்பது அதற்குரிய இருக்கையின் எண். மற்றை மூன்றுமின்றி அது குழாய்க்குப் புரி வெட்டாது.

அம்மான் அதைத் தீட்டவில்லை. தோட்டக் கிணறுகளின் பழைய குழாய்கள் பட்டறைக்கு வரும்போது, புரியின்மேல் வைத்து அளவறிவதற்கு அதனை வைத்திருக்கிறார். நால்வருள் ஒருவராய் நின்று வெட்டிய கருவி, இன்று தனித்திருந்து அளக்கிறது.

கருவி இன்னதென அறிந்தோம். யாருடையதென அறிய வழியில்லை. துரு தின்ற எழுத்தைப் பற்கள் ஈடுசெய்தன. உடையவரைப் பற்றிச் சொல்ல அவற்றால் இயலாது. வன்னியின் வரலாற்றை எழுத முற்படுவோர் கல்வெட்டையும் சுவடியையும் தேடுவதுபோல, தராசில் ஏறுமுன் இத்தகைய பொருள்களையும் பார்த்தல் வேண்டும். அவற்றைப் பெயர்சொல்லி அழைக்கத் தெரிந்த முதியோர் பட்டறைகளில் இன்னும் இருக்கின்றனர். கேட்பதற்கு நாம்தான் செல்லவேண்டும்.