ஒரே சஹனில் மூவர்

மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்கு, பழைய மாணவர்களின் திருமணங்களுக்காக ஊர் ஊராகச் செல்லும் வாய்ப்பு அடிக்கடி அமைகிறது. அரக்கோணம் ரயில் சந்திப்பாயிற்றே; எத்திசைக்கும் வண்டி உண்டு. எல்லோரும் பந்தலில் அமர்ந்திருக்க, நான் மட்டும் பின்புறம் விறகடுப்பருகே நிற்பேன். "ஹஜ்ரத், புகையில் நிற்கிறீர்களே!" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன்; கண்டதைக் குறித்துவைக்கும் பழக்கம் விடுமா?

ஆம்பூரில் மிளகாய்த்தூளை நம்புவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் பிரியாணிக்கு நிறமும் காரமும் தருகிறது. சீரகச் சம்பா அரிசியைத் தனியே முக்கால் வேக்காட்டில் வடித்து, வெந்த இறைச்சியோடு சேர்த்து, மூடியின்மேல் தணலை அள்ளிவைத்துத் தம் போடுகிறார்கள். முக்கால் வேக்காட்டை எப்படி அறிவது என்று சமையல்காரப் பெரியவரிடம் கேட்டேன். ஒரு பருக்கையை இரு விரலால் நசுக்கிக் காட்டினார். அதற்குமேல் விளக்கம் இல்லை.

இவற்றைக் கொண்டு இல்லத்தில் ஓர் ஏற்பாடு செய்தேன். மாதம் ஒரு வெள்ளி இரவு விருந்து. ஓர் ஊரின் உணவு. பரிமாறுவதும் அவ்வூர் வழக்கப்படியே. சமையல் என் பொறுப்பு.

முதல் விருந்து ஆம்பூர். பிரியாணி கஞ்சியாகக் குழைந்தது. என் துணைவியாரின் சமையலில் இருபதாண்டுகளாக உப்பு, புளி என்று குறை கண்ட நாக்கு அன்று அசையவே இல்லை. கத்தரிக்காயையும் தயிர்ப் பச்சடியையும் அவரே செய்துவைத்திருந்ததால் விருந்தினர் பிழைத்தனர்.

அடுத்தது காயல்பட்டினத்துக் களரிச் சாப்பாடு. நெய்ச்சோறு, களரிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். சுவையினும் பெரிது அவர்கள் உண்ணும் முறை. சஹன் எனும் பெரிய தட்டைச் சுற்றி இருவர் மூவராய் அமர்ந்து ஒன்றாகக் கை வைக்கிறார்கள். இலங்கையில் ஒரு சஹனுக்கு ஆறு பேர் அமர்வதும் உண்டு.

அன்றைய விருந்துக்கு, என்னிடம் சொல்லாமலே, துணைவியார் என் அண்ணனை அழைத்துவிட்டார். தந்தையாரின் வீட்டைப் பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பிய நாள் முதல், ஏழாண்டுகளாக எங்களுக்குள் சலாமும் பதில் சலாமும் மட்டுமே. ஒரே சஹனில் அவர், நான், என் இளைய மகன்.

இலையென்றால் எல்லை உண்டு. சஹனில் ஏது? ஆயினும் நாங்கள் ஏற்படுத்திக்கொண்டோம். அவர் தம் ஓரத்தில் உண்டார். நான் என் ஓரத்தில். நடுவில் சோறு மேடாக, மதிற்சுவர் போல நின்றது. அதனுள் கறித்துண்டு ஒன்றைக் கண்ட பையன் கையை நுழைத்து இழுத்தான். மேடு சரிந்து, சோறு இருபுறமும் கலந்தது.

அண்ணன் ஒரு கவளம் உண்டார். சற்று நேரம் மென்றார்.

"தம்பி, கறியில் உப்புக் குறைவு."

உள்ளறையில் துணைவியார் வாய்விட்டுச் சிரித்தது கூடம் வரை கேட்டது. நான் எழுந்து உப்பு எடுத்துவரச் சென்றேன். திரும்பிவரச் சிறிது நேரம் பிடித்தது. கண்ணில் புகை என்று சொல்லிக்கொண்டேன். அடுப்போ அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

சுவர் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. பாகக் கணக்கிலும் மாற்றம் இல்லை. வருகிற வெள்ளிக்கு இலங்கை முறை. தேங்காய்ப் பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்து அவித்தெடுக்கும் வட்டிலப்பம், இன்ஷா அல்லாஹ். தேங்காய்களை அண்ணி நேற்றே சுவருக்கு மேலாகக் கொடுத்துவிட்டார்.