மூர் மார்க்கெட்டில் நூல் வாங்கியவர்கள்

மூர் மார்க்கெட்டைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லாருமே புத்தகப் பைத்தியங்கள். எட்டணாவுக்குக் கிடைத்த டிக்கன்ஸ், அட்டை போன அகராதி, யாரோ கையெழுத்துப் போட்ட முதல் பதிப்பு என்று அவர்கள் கதை ஒரே தடத்தில் ஓடும். கொஞ்சம் விலகினால் கிளிக்கூண்டு, வண்ணமீன், கிராமபோன் தட்டு. அங்கே நூல்கண்டுக்கும் பொத்தானுக்கும் போன பெண்கள் எழுதி வைத்ததாக நான் ஒன்றும் பார்க்கவில்லை. எழுத நேரம் கிடைத்திருந்தால் அவர்கள் இன்னொரு தலையணை உறைக்குப் பூப்போட்டிருப்பார்கள்.

என் பெரியம்மா அந்தப் பெண்களில் ஒருவர். எம்பிராய்டரியில் 'ஹையர்' பாஸ் செய்தவர். அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு படி உண்டு. ஹையர் முடித்தவர் என்றால் தெருவில் ஒரு மதிப்பு. புரசைவாக்கத்து வீட்டின் முன்னறையில் பாய் விரித்து, பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வரும்படியில் புது நூலாக வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் மூர் மார்க்கெட். பை தூக்க நான். எழுபதுகளின் நடுப்பகுதி.

சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்து, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நின்ற சிவப்புக் கட்டடம் அது. 1898இல் அடிக்கல், 1900இல் திறப்பு. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயர். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே போனால் வெயில் குறையும், பழைய தாளும் பறவை எச்சமும் கலந்த வாடை வரும், பெரியம்மாவின் நடை வேகமாகும் என்பதுதான்.

தைக்கிற சாமான் விற்கத் தனிக்கடை கிடையாது. பூட்டு, கண்ணாடி, பீங்கான் விற்பவரிடமே ஓரமாக ஒரு தகர டப்பா கிடக்கும். பெரம்பூரிலும் வேப்பேரியிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். வீட்டைக் காலி செய்யும்போது பியானோ ஏலத்துக்குப் போகும்; பிஸ்கட் டப்பாவில் இருக்கும் தையல் சாமான் மொத்தமாக இங்கே வந்து சேரும். உள்ளே சிப்பிப் பொத்தான், பாதி சுற்றிய லேஸ், எலும்புப் பிடி போட்ட குரோஷா ஊசி, துருப்பிடித்த ஊசிப் பொட்டலம், பாசிமணி நிறைந்த மருந்துக் குப்பி. அதிர்ஷ்டம் இருந்தால் டி.எம்.சி. நூல். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்த நாளில் பிரான்ஸிலிருந்து வரும் டி.எம்.சி. நூலை நேர்வழியில் வாங்குவது குதிரைக்கொம்பு. நமக்குச் சுலபமாகக் கிடைத்தது மதுரா கோட்ஸின் ஆங்கர். இரண்டிலும் கண்டுக்கு ஆறு இழை, எட்டு மீட்டர். ஆனால் நம்பர் ஒத்துப்போகாது. ஆங்கரில் கறுப்பு 403, டி.எம்.சி.யில் 310. இரண்டையும் பெரியம்மா ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே ஓர் அங்குல நூலை ஒட்டி வைத்திருந்தார்.

பேரத்துக்கு முன்னால் சோதனை நடக்கும். நூலின் நுனியைப் பிரித்து இரு கை விரலிலும் சுற்றி வெடுக்கென்று இழுப்பார். இத்துப்போன நூல் சத்தமில்லாமல் அறும். சிவப்பு நூலென்றால் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து அழுத்தித் தேய்ப்பார். சாயம் ஒட்டினால் வெள்ளைத் துணிக்கு ஆகாது என்று ஒதுக்குவார். பொத்தானை எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பார். சிப்பி சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. மணியைப் பல்லில் மெல்லத் தட்டினால் கண்ணாடியா என்று தெரிந்துவிடும். கம்பளி நூலென்றால் ஓர் இழையைக் கொளுத்திப் பார்க்க வேண்டும், தலைமுடி கருகும் வாடை வர வேண்டும். ஆனால் அத்தனை காகிதம் குவிந்த இடத்தில் எந்தக் கடைக்காரர் தீக்குச்சி கிழிக்க விடுவார்? ஓர் இழையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு அடுத்த முறை வந்து வாங்குவார். அதற்குள் விற்றுப்போயிருந்தால் வருத்தப்படவும் மாட்டார்.

இங்கிலீஷ் மாதர் பத்திரிகைகளின் பழைய இதழ்களும் அங்கே அடுக்காகக் கிடைக்கும். சில இதழ்களோடு இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் துணியில் பதியும் நீலக்கோட்டுப் பூத்தாளை இலவசமாக வைத்திருப்பார்கள். புத்தகக்காரர்கள் அட்டையைப் பார்ப்பார்கள். பெரியம்மா நடுப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார், தாள் கிழிபட்டிருக்கிறதா என்று. முக்கால்வாசி கிழிபட்டிருக்கும். முழுதாகக் கிடைத்துவிட்டால் அந்தத் தாளை வீணாக்காமல், மேலே மெல்லிய தாள் வைத்து வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் நீலப்பொடி குழைத்துத் துணியில் ஒற்றி எடுப்பார். ஒரு தாளிலிருந்து தெருவுக்கே பூ.

பிறகுதான் விலை. "டப்பா எவ்வளவு பாய்?"

"எட்டு ரூபா குடும்மா. உள்ள எல்லாம் சீமைச் சரக்கு."

"நூல் பாதி இத்துப் போயிருக்கு, நீங்களே இழுத்துப் பாருங்க. ரெண்டு ரூபா."

"இன்னாம்மா நீ, டப்பாவே ரெண்டு ரூபா போவும்!"

"அப்ப டப்பாவ நீங்க வெச்சுக்குங்க, சாமானக் கொட்டிக் குடுங்க."

பாய் சிரித்துவிடுவார். மூன்றரைக்கோ நாலுக்கோ படியும், டப்பாவும் வரும், கொசுறாக ஒரு பிடி கொக்கி. கேட்ட விலையில் பாதிக்கு வாங்கினால் ஏமாந்தாய் என்று ஊரே சொல்லும் சந்தை அது. பாதி என்பதே பெரியம்மாவுக்குப் பெருந்தன்மை.

ஒருமுறை அப்படி வந்த டப்பாவின் அடியில், யாரோ ஒரு பெண்ணின் தேர்வு ஆல்பம் இருந்தது. பழுப்புத் தாளில் ஒட்டிய சதுரத் துணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தையல்: சங்கிலித் தையல், காம்புத் தையல், ஹெர்ரிங்போன், பிரெஞ்சு முடிச்சு. பெயர் எழுதும் இடம் காலி. கடைசி நாலைந்து துணிகளில் பென்சில் கோடு மட்டும், ஊசி படவில்லை. கல்யாணமா, பணமுடையா, உடம்புக்கு வந்ததா, யாருக்குத் தெரியும். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் மிச்சத் துணிகளில் தைத்து ஆல்பத்தை முடித்தார். அந்த டப்பாவில் வந்த நூலாலேயே. பிறகு வந்த மாணவிகளுக்கு அதுதான் பாடப்புத்தகம். எது பழைய கை, எது பெரியம்மாவின் கை என்று கண்டுபிடிக்கச் சொல்லி எங்களுக்குப் பரீட்சை வைப்பார். பழைய கையின் முடிச்சுகள்தான் இறுக்கமானவை என்று அவரே ஒப்புக்கொள்வார்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் கடை கொடுத்தார்கள். போய்ப் பார்த்தோம். புத்தகம் இருந்தது, துணி இருந்தது, தகர டப்பா இல்லை. நெருப்பை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. கப்பலேற வேண்டியவர்கள் அதற்குள் பெரும்பாலும் ஏறிவிட்டார்கள். பூப்போட்ட தலையணை உறையைக் கடையிலேயே வாங்கலாம் என்றும் ஆகிவிட்டது.

இன்று ஆரி வேலை கற்கிற பெண்கள் நிறைய. பாரிமுனை தேவராஜ முதலி தெருவுக்குப் போனால் மணியும் சம்கியும் எடைக்கே அள்ளலாம். வீட்டிலிருந்து நம்பர் சொன்னால் டி.எம்.சி.யும் வந்து இறங்கும். நூல் அறாது, சாயம் போகாது. எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியம்மா இருந்திருந்தால் முதல் ஆளாக வாங்கியிருப்பார். காணாமல் போனது வேறு: ஒரு வீட்டில் பாதியில் நின்றது இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வழி. இப்போது அப்படிப்பட்ட டப்பாக்கள் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறுகின்றன. தகரம் ஒரு பக்கம், உள்ளே இருந்தது குப்பைக்கு.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அம்மாவுடையதோ பாட்டியுடையதோ. வீடு மாறும்போது அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தெருவில் தையல் கற்கிற பெண் யாராவது இருப்பாள். திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே அவளிடம் கொடுங்கள். எது இத்துப்போனது என்று அவள் இழுத்துப் பார்த்துக்கொள்வாள்.