உடலின் மணிக்கூடு

நம் முன்னோர் கப்பலேறி இலண்டன் சென்ற காலத்தில் பயணம் வாரக்கணக்கில் நீண்டது. கப்பல் மேற்கே செல்லச் செல்ல மணிக்கூட்டைச் சிறிது சிறிதாகத் திருத்தி வைத்தனர். உடலும் அதனோடு ஒத்து நடந்தது. இன்றோ ரொறன்ரோவில் விமானம் ஏறுபவர் இரண்டொரு நாளில் கட்டுநாயக்காவில் இறங்கிவிடுகிறார். ஆள் வந்து சேர்ந்தாலும், அவருடைய உறக்கமும் பசியும் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேலாகிறது. இவ்விடர்ப்பாட்டையே ஜெட் லாக் என்பர்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் தமக்கையார் எட்டு ஆண்டுகளின் பின் கண்டிக்கு வந்தார். எண்பதைக் கடந்த அன்னையாரோடு இருந்துபோக அவருக்குக் கிடைத்த விடுமுறை பதினான்கு நாட்களே. மத்தியானச் சோற்றின் முன் இருந்தபடியே அவர் கண்ணயர்ந்தார்; பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து உலாவினார். “என்ர பிள்ளைக்கு என்னோட கதைக்க மனமில்லைப் போல,” என்று அன்னையார் கண் கலங்கினார்.

காரணம் எளியது. ரொறன்ரோவின் கோடைக்காலத்தில் நம் நேரம் அதனிலும் 9½ மணித்தியாலம் முந்தியது. இங்கே பிற்பகல் இரண்டு மணியாகும்போது அங்கே விடியற்காலை நாலரை, உறங்கும் வேளை. இங்கே பின்னிரவு இரண்டு மணியாகும்போது அங்கே மாலை நாலரை. ஊரே விழித்திருக்கும் வேளை.

ஹந்தானைச் சரிவில் மண்டிக் கிடக்கும் தொட்டாற்சிணுங்கியை மாணவர் அறிவர். மாலையில் இலை மூடிக் காலையில் விரிக்கும் அச்செடியினத்தை 1729ஆம் ஆண்டில் தெ மைரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருளில் வைத்துப் பார்த்தார். வெயில் படாதபோதும் அது பகல்தோறும் இலை விரித்தது. உயிர்களுக்குள்ளேயே ஒரு மணிக்கூடு உண்டென்பதற்கு அது முதற் சான்றாயிற்று. பழ ஈக்களைக் கொண்டு அம்மணிக்கூட்டின் இயக்கத்தை விளக்கிய ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரின் தலைமை மணிக்கூடு மூளையின் அடிப்பகுதியில் இருந்து, கண்வழி வரும் ஒளியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே நகரும். அதன் இயல்பான சுற்று 24 மணித்தியாலத்திலும் சற்றுக் கூடியது. ஆதலால் நாள் நீளும் மேற்குப் பயணத்திலும், நாள் குறுகும் கிழக்குப் பயணமே பலருக்குக் கடினமாகிறது.

கட்டளையால் உடலை மாற்ற இயலாது என்பதை நம் நாடு முன்னரே கண்டது. 1996 மே மாதத்தில் மின்தட்டுப்பாட்டின் காரணமாக மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. மாணவனாயிருந்த நான் இருளில் எழுந்து, பனியினூடே பாடசாலைக்கு நடந்தேன். அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தனர். 2006 ஏப்ரலில் பழைய நேரமே மீண்டது. மணிக்கூடு மாறினும் கதிரவன் மாறவில்லை. உடல் கதிரவன் பக்கமே நின்றது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வருவோர் பகலில் வெளிச்சத்தில் நடமாடி, இரவில் விளக்கையும் கைப்பேசியையும் தணித்து, இவ்வூர் வேளைக்கே உண்ண முயல்வது நன்று. பகலுறக்கம் தவிர்க்க முடியாததாயின் அரை மணியளவில் நிறுத்திக்கொள்ளலாம். மாலைக்குப் பின் தேநீர் வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுவோர் மருந்து வேளையைப் புறப்படுமுன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். இறங்கிய களைப்போடு தாமே வாகனம் செலுத்திக் கடுகண்ணாவை மலை ஏறுவது ஆபத்து.

வரவேற்போருக்கும் ஒரு கடமை உண்டு. முதல் மூன்று நாட்களில் விருந்தும் கோயிற்பயணமும் வைக்காதிருத்தல் அது. அன்னையாருக்கு இக்கணக்கை எடுத்துச் சொன்னேன். முதுமையால் அவருக்கும் பின்னிரவில் உறக்கமில்லை. அன்றுமுதல் தாயும் மகளும் இரண்டு மணிக்கு அடுக்களையில் இருந்து பழங்கதை பேசினர். ஒருவாரத்தின் பின் தமக்கையாரின் உடல் கண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. அதன் பின்னும் அவர் அந்த வேளைக்கு அலாரம் வைத்து எழுந்தார்.