கொடிக்கழி நடும் இடத்தில் வாத்து நிற்கும்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், தென்பசார் நகரத்திலிருந்து மலையை நோக்கி ஏறினால் தபனான் பகுதி வரும். பத்துக்காரு மலையின் சரிவு முழுக்கப் படிக்கட்டு கட்டிவைத்த மாதிரி நெல்வயல்கள். மேல் வயலில் நிறைந்த தண்ணீர் மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்குகிறது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை 'சுபாக்' எனப்படும் பாசன விவசாயிகளின் சங்கமே முடிவு செய்கிறது. பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டை 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பார்க்கத்தான் உலகெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வாத்து வளர்ப்பவர் அங்கே பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு.

அறுவடை முடிந்த வயல்களுக்குக் காலையில் வாத்துக்காரர் வருவார். கையில் நீளமான மூங்கில் கழி. நுனியில் வெள்ளைத் துணி அல்லது இறகுக் கொத்து கட்டியிருக்கும். இப்போது பிளாஸ்டிக் பையும் கட்டுகிறார்கள். அவருக்குப் பின்னால் வரப்பு மேலேயே வாத்துகள் வரிசையாக நடந்து வரும். கழியை வயலில் ஊன்றிவிட்டு அவர் தன் மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வலை இல்லை, வேலி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி என்று பொறுக்கிக்கொண்டு வாத்துகள் அந்தக் கழியைச் சுற்றியே மேயும். பொழுது சாயும்போது கழியடியில் கூடி நிற்கும். அவர் வந்து கழியைப் பிடுங்கித் தோளில் வைத்து நடந்தால், பின்னாலேயே வீடு வந்து சேரும்.

நம் ஊரில் நாலைந்து வாத்து வளர்க்கும் வீட்டில் மாலை ஆறு மணிக்கு நடப்பதே வேறு. வாத்து குளத்து நடுவில் நிற்கும். பிள்ளைகள் கல்லெறிய, வீட்டுக்காரர் குச்சியோடு கரையைச் சுற்ற, இருட்டிவிடும். விட்டுவிட்டு வந்தால் நாயோ நரியோ கீரியோ பார்த்துக்கொள்ளும். முட்டையும் போய்விடும். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கிக் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு முடித்துவிடும். இரவில் பட்டியில் அடையாத வாத்தின் முட்டை சேற்றுக்கும் புதருக்கும்தான். சில வீடுகளில் வாத்து வளர்ப்பையே கைவிடுவதற்கு இந்த அந்தி நேரத்து ஓட்டம்தான் காரணம்.

பாலியின் கொடிக்கழியில் மந்திரம் எதுவும் இல்லை. குஞ்சுப் பருவத்திலிருந்தே தீனியும் கழியும் சேர்ந்தே வருகின்றன. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் ஓரிரு நாளில் எதைப் பின்தொடர்கிறதோ அதையே தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும். வாத்து இனப் பறவைகளின் இந்தக் குணத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாலி விவசாயிக்கு இது பரம்பரை அனுபவம். கழியைப் பார்த்தால் தீனி வரும், கழியோடு போனால் மேய்ச்சல் கிடைக்கும் என்பதைக் குஞ்சு கற்றுக்கொள்கிறது. வாத்து கூட்டமாக வாழும் பறவை என்பதால், பழகிய பெரிய வாத்துகளோடு விட்டால் புதியவை அவற்றைப் பார்த்தே நடக்கும்.

ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1856-ல் பாலிக்கும் பக்கத்துத் தீவான லொம்பொக்குக்கும் போனார். அங்குள்ள வாத்துகள் பென்குயின் போல நிமிர்ந்து நடப்பதையும், அரிசிக் கப்பல் மாலுமிகள் அவற்றைப் 'பாலிச் சிப்பாய்' என்று அழைத்ததையும் எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் இந்த வகை வாத்து ஐரோப்பாவில் 'இந்தியன் ரன்னர்' என்று பெயர் வாங்கியது. பெயரில்தான் இந்தியா, பூர்வீகம் அந்தத் தீவுகள்.

நம் வாத்துக்காரர்களும் குறைந்தவர்கள் அல்லர். ஆரணிப் பக்கத்து மேய்ப்பர்கள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராகப் பெரிய மந்தையோடு போய்வருகிறார்கள். ஆனால் இங்கே குச்சி வாத்துக்குப் பின்னால் வருகிறது. அங்கே கழி முன்னால் போகிறது. இங்கே ஓட்ட வேண்டும். அங்கே வாத்து தானாக வருகிறது. பெரிய மந்தையைச் சாலையில் கொண்டுபோக ஓட்டித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு நாலைந்து, பத்து என்று வளர்ப்பவர்களுக்குப் பாலி வழியே பொருந்தும்.

அதற்கு முதலில் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைத் துணி கட்டிய கழியாகவும் இருக்கலாம். தகர டப்பாவைத் தட்டும் சத்தமாகவும் இருக்கலாம். எதுவானாலும் மாற்றக்கூடாது. அடையாளம் முதலில், தீனி உடனே பின்னால். தீனியைக் கொட்டிவிட்டு டப்பாவைத் தட்டினால் வாத்துக்கு ஒன்றும் விளங்காது.

முதல் சில நாள் பட்டி வாசலிலேயே இதைச் செய்ய வேண்டும். சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி ஓடிவரத் தொடங்கிய பிறகு, பத்தடி தள்ளி, முற்றத்துக்கு, பிறகு குளக்கரைக்கு என்று தூரத்தைக் கூட்டலாம். ஒரு தூரத்தில் தடுமாறினால் முந்தைய தூரத்துக்கே திரும்பிவிடுவது நல்லது. அன்றைய தீனியில் ஒரு பங்கை அந்திக்கு வைத்துக்கொண்டால் போதும்; வாத்தைப் பட்டினி போடத் தேவையில்லை. ஊறவைத்த நெல், தவிட்டுப் பிசையல், நத்தை, கறையான், அசோலா ஆகியவற்றில் எது அதிகம் பிடிக்கிறதோ அதைப் பட்டிக்குள் மட்டும் வைப்பது பலன் தரும். தீனிக்குப் பக்கத்தில் அலகு முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலர்ந்த தீனி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தொடவே கூடாது. அந்த நஞ்சைக் கோழியைவிட வாத்து தாங்காது, குறிப்பாகக் குஞ்சு.

செய்யக்கூடாதவையும் உண்டு. டப்பாவைத் தட்டி வரவைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பக்கூடாது. நம்பி வந்த வாத்தை அங்கேயே பிடித்து ஊசி போடுவதோ அறுப்பதோ கூடாது. அன்றோடு அந்தச் சத்தத்துக்கு மதிப்பு போய்விடும். பிடிக்க வேண்டுமானால் இரவு அடைந்த பிறகு, இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்க வேண்டும். வாத்தின் கால் மெல்லியது. காலைப் பிடித்துத் தூக்கினால் ஊனமாகிவிடும்.

இத்தனையும் பழக்கிய பிறகு பொறுப்பு வளர்ப்பவர் தலையில் ஏறுகிறது. பாலி விவசாயிகள் இதைப் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். 1970-களில் குறுகிய கால வீரிய நெல் ரகங்களும், அவற்றோடு பூச்சிமருந்தும் தீவுக்கு வந்தன. வயல்கள் ஓய்வில்லாமல் பயிரானதால் வாத்து மேயும் இடைவெளி குறைந்தது. மருந்து பூச்சியைத் தின்னும் உயிர்களையும் கொன்றதால் இந்தோனேசியா முழுவதும் புகையான் பெருகி நெல்லை அழித்தது. கடைசியில் 1986-ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல் வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது.

மருந்து அடித்த வயலில் பழகாத வாத்தை விட்டால், ஒருவேளை அது வேறு பக்கம் போய்த் தப்பிக்கலாம். பழகிய வாத்து போகாது. கழி நிற்கிற இடத்திலேயே நின்று, அங்கே கிடப்பதையே தின்னும். அதனால் கழியை ஊன்றுவதற்கு முன், அந்த வயலிலும் அதற்குத் தண்ணீர் இறங்கும் மேல் வயலிலும் மருந்து அடித்திருக்கிறார்களா என்று பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம். பயிர் நிற்கும் வயல் என்றால், நாற்று வேர்பிடிக்கும் வரையும், கதிர் வந்த பிறகும் வாத்தை இறக்கக்கூடாது. பயிரும் கெடும், பக்கத்து வயல்காரரோடு உறவும் கெடும்.

தபனான் சரிவில் அந்தி இறங்கும்போது கழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். வெள்ளைத் துணி முன்னால் ஆட, பின்னால் வாத்துகள் பேசிக்கொண்டே போகும். வீட்டு வாசலில் அவற்றுக்கான பிடி தீனி காத்திருக்கும். விடிந்தால் பட்டிக்குள் முட்டை இருக்கும்.