முடிச்சூர் சாலையில் ஒரு கிழட்டு ஜீப்

தாம்பரம் ரயில் நிலையத்தில் மேற்குப் பக்கமாக இறங்குங்கள். 1931-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து இங்கே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது சுற்றிலும் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்றோ, முடிச்சூர் வரை வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவுக்குள் படகு விட்டார்கள்.

எங்கள் தெருவுக்குப் படகு வருமுன்பே வந்தது பெரியப்பாவின் ஜீப். மஹிந்திரா கம்பெனி பல்லாண்டுகள் கட்டிய பழைய வில்லிஸ் மாதிரி. நான்கு சக்கரமும் இழுக்கும். ஒரு கர்ப்பிணியையும் இரண்டு பாட்டிமார்களையும் மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவினோம், புடவைகளை உலர்த்தினோம். ஜீப்பின் அடிவயிற்றை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை!

பொங்கல் கழிந்ததும் ஜீப் பேச ஆரம்பித்தது. மெல்லப் போனால் 'கிரீச், கிரீச்'. கியர் மாற்றினால் 'டணக்!' கிழவண்டி முனகத்தானே செய்யும் என்றார் பெரியப்பா. பெரியம்மா கேட்பாளா? முடிச்சூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகைக்கு வண்டியை அனுப்பிவைத்தாள். நானும் கூடப் போனேன்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "சார், கிராஸ் போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா ஷாப்ட்டு ரோட்டிலே கிடந்திருக்கும்!"

அது என்ன கிராஸ் என்கிறீர்களா? வண்டியின் நடுவே உள்ள கியர்ப் பெட்டியிலிருந்து முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக இரண்டு இரும்புத் தண்டுகள் போகின்றன. மேடு பள்ளத்தில் தண்டு சாய்ந்துகொடுக்கவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதற்காக ஒவ்வொரு நுனியிலும் கூட்டல் குறி போன்ற இணைப்பு ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் ராபர்ட் ஹுக் ஆராய்ந்த சங்கதி அது. அதன் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள். உள்ளே தையலூசித் துண்டுகள் போன்ற உருளைகள் கிரீஸில் புரளுகின்றன. வெள்ளநீர் உள்ளே புகுந்தால் கிரீஸைக் கழுவிவிட்டுச் சேற்றை வைத்துவிட்டுப் போகும். கிண்ணத்தின் ஓரத்தில் குங்குமம் சிந்தினாற்போல் செந்தூள் தெரிந்தால் உள்ளே துரு என்று அர்த்தம்.

அடுத்து அவர் சொன்னதுதான் என் வயிற்றைக் கலக்கியது. இந்த ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின் தண்டின் தலைமாட்டில் பிடிக்கிறது. கிராஸ் உடைந்து பின் தண்டு கழன்றால் கைப்பிரேக்கும் போச்சு! எங்கள் வாசல் சரிவில்தான் வண்டி நிற்கும். அதன் பின்னால்தான் குழந்தைகள் பாண்டி ஆடுவார்கள்.

சோதனை சுலபம். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டுத் தண்டைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் புதிதுதான் போட வேண்டும். ஆட்டமில்லையா, கிரீஸ் போதும். நான்கு கிண்ணத்திலும் புதுக் கிரீஸ் பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அங்கே அடைப்பு, விட்டுவிடக் கூடாது. தண்டைக் கழற்றுமுன் அதன் இரு பாதிகளிலும் சேர்த்து ஒரு சாக்குக்கட்டிக் கோடு இழுத்து, அதே நேரில் மாட்ட வேண்டும். மாறினால் வண்டி உதறும்.

இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்ததும் பெரியம்மா ஊஞ்சல் கொக்கிக்கு எண்ணெய் விடுவாள். பெரியப்பா கிரீஸ் பம்போடு ஜீப்புக்கு அடியில் நுழைவார். தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாளே மறுபடியும்.

உங்கள் வீட்டில் ஜீப் இல்லாமலிருக்கலாம். உங்கள் தெருவில் ஒன்று நிற்கிறதா? மழைக்கு முன்பே அந்த வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாளைக்கு அது உங்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அல்லவா?