நூல் ஒட்டத் தெரிந்த கைகள்

சூலக்கரையில் இப்போது ஜவுளிப் பூங்கா பேச்சுதான். நம் விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம்.மித்ரா பூங்கா வருகிறது. வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும்.

ஆனால் பக்கத்து மாவட்டங்களில் உள்ள காளையார்கோவில், கமுதக்குடி ஆலைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை. தமிழகத்தில் தேசிய ஜவுளிக் கழகம் (என்.டி.சி.) நடத்திய 7 பஞ்சாலைகளில் இவை இரண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் எல்லாமே நின்றன. ஊரடங்கு முடிந்தும் பழையபடி வேலை திரும்பவில்லை. ரிங் பிரேமில் சுழலும் ஸ்பிண்டிலை நிறுத்தி, அறுந்த நூலைக் கண் இமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுகிற கைகள் அங்கே வேலை பார்த்தவர்களுடையவை. ஐம்பது வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

மில் வேலை பார்க்கிற அண்ணன்களே, அக்காமார்களே, ஆலையை மூடினால் சர்வீஸில் ஓராண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஐந்தாண்டு முடித்திருந்தால் பணிக்கொடை தனி. இரண்டையும் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.